கொன்றவன் பிழைத்தான், இருநூறு பேர் மாண்டார்கள்: முதிய மாலுமியின் பாடல் பற்றி வாசகர் கேள்விகள்

ஆங்கிலக் கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ் எழுதி 1798-இல் வெளிவந்த 'தி ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்' என்ற நெடுங்கதைப் பாடல் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். கல்யாண வீட்டு வாசலில் மூன்று பேரில் ஒருவனைக் கிழ மாலுமி ஒருவன் வழிமறித்துத் தன் கதையைச் சொல்கிறான். தென் துருவப் பனியில் சிக்கிய கப்பலுக்கு ஓர் ஆல்பட்ராஸ் பறவை வந்து சேர்கிறது. பனி பிளக்கிறது, காற்று வீசுகிறது. அந்தப் பறவையை அவன் குறுக்குவில்லால் எய்து கொல்கிறான். கப்பல் வெப்பக் கடலில் காற்றின்றி நின்றுபோகிறது. குடிநீர் இல்லை. பேய்க்கப்பல் ஒன்றில் மரணமும் 'மரணத்துள் வாழ்வு' என்ற பெண்ணும் பகடை உருட்ட, அவனை அவள் வென்றெடுக்கிறாள். மற்ற இருநூறு பேரும் செத்து விழுகிறார்கள். நீர்ப்பாம்புகளைப் பார்த்து அவன் தன்னையறியாமல் வாழ்த்தும்போது கழுத்தில் கட்டப்பட்டிருந்த பறவை அறுந்து விழுகிறது. ஊர் திரும்பிய பிறகும், நினைத்திராத வேளைகளில் வேதனை பீடித்து, யாரிடமாவது கதையைச் சொன்னால்தான் அடங்குகிறது.

கேள்வி: "குற்றம், தண்டனை, மீட்பு என்று மூன்று தலைப்புப் போட்டு எழுதினால் போதும் என்கிறார்கள். ஆனால் கொன்றது ஒருவன், செத்தது இருநூறு பேர். இது என்ன நீதி?" (கல்லூரி மாணவி, மதுரை)

உங்கள் உறுத்தல் சரியானது. விடைத்தாளை அதிலிருந்தே தொடங்குங்கள். மூன்று தலைப்புக்குள் அடங்காத செய்திகள்தான் இந்தக் கவிதையின் உயிர்.

முதலில், மாலுமிகள் எப்படிக் குற்றத்தில் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். பறவை செத்ததும், காற்றைக் கொண்டுவந்ததே அதுதான், அதைக் கொன்றுவிட்டாயே என்று அவனைத் திட்டுகிறார்கள். மறுபடி மூடுபனி விலகிச் சூரியன் தெரிந்ததும், மூடுபனியைக் கொண்டுவந்த பறவை அது, கொன்றது நல்லதே என்கிறார்கள். அதே மனிதர்கள், அதே பறவை. மாறியது வானிலை மட்டும். இப்படிப் பேசியதால் அவர்களும் குற்றத்தில் பங்காளிகள் ஆனார்கள் என்று பக்கவாட்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அந்தக் குறிப்பைக் கோல்ரிட்ஜ் சேர்த்தது 1817-இல். 1798-இல் படித்தவர்களுக்கு அந்தச் சமாதானம் கிடைக்கவில்லை. அவர்கள் கையில் இருந்தது வெறும் சாவுகள்தான்.

அடுத்தது பகடை. இயற்கை ஒரு நீதிமன்றமாக இருந்திருந்தால் யார் சாவது, யார் பிழைப்பது என்பதைச் சாட்சியும் தீர்ப்பும் முடிவு செய்திருக்கும். இங்கே முடிவு செய்வது பகடை. அதனால் தண்டனை குற்றத்துக்கு அளவாக இருக்கிறதா என்று தராசு பிடித்துப் பார்த்தால் கவிதை உடன்படாது. உயிர்களோடு நமக்குள்ள பிணைப்பு அறுந்தால் விளைவு எங்கே போய் நிற்கும், யார் தலையில் விழும் என்பது அறுத்தவனுடைய கட்டுப்பாட்டில் இல்லை. இதைத்தான் கோல்ரிட்ஜ் காட்டுகிறார் என்பது எங்கள் வாசிப்பு.

பிழைத்திருப்பதுதான் அவனுக்குத் தண்டனை என்பதையும் விடாதீர்கள். செத்தவர்களின் கண்கள் மூடவில்லை. ஏழு பகல், ஏழு இரவு அந்தக் கண்களில் இருந்த சாபத்தைப் பார்த்தபடி இருக்கிறான், சாவு வரவில்லை. பிரார்த்தனை செய்யப் பார்க்கிறான். வார்த்தை வருமுன் ஒரு தீய முணுமுணுப்பு குறுக்கிட்டு நெஞ்சைத் தூசியாக உலர்த்திவிடுகிறது. அத்தனை அழகான மனிதர்கள் செத்துக் கிடக்க, வழவழப்பான ஆயிரமாயிரம் பிராணிகள் வாழ்கின்றன, நானும் வாழ்கிறேன் என்கிறான். தன்னை எந்த வரிசையில் சேர்த்துக்கொள்கிறான் என்று கவனியுங்கள்.

குற்றவுணர்வு எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கவிதையின் கட்டமைப்பிலேயே சான்று இருக்கிறது. மொத்தம் ஏழு பாகங்கள். முதல் பாகம் பறவையை எய்ததில் முடிகிறது. இரண்டாவது, சிலுவைக்குப் பதிலாக அதன் உடல் கழுத்தில் தொங்குவதில். மூன்றாவது பாகத்தின் முடிவில் ஒவ்வொரு ஆன்மாவும் உடலை விட்டுப் பறக்கும்போது அவனுடைய குறுக்குவில்லின் 'விஷ்' என்ற ஓசை கேட்கிறது. ஒருமுறை விட்ட அம்பின் ஓசையை இருநூறு முறை கேட்கிறான். நான்காவதில் பறவை ஈயக்குண்டாகக் கடலில் மூழ்குகிறது. ஐந்தாவதன் இறுதியில் இரண்டு குரல்கள் அந்த வில்லைப் பற்றிப் பேசி, இவன் செய்த பிராயச்சித்தம் போதாது, இன்னும் செய்வான் என்கின்றன. ஆறாவது பாகம், கரையிலிருந்து படகில் வரும் துறவி தன்மேல் உள்ள ஆல்பட்ராஸின் இரத்தத்தைக் கழுவிவிடுவார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஏழாவதில் மட்டும் பறவை இல்லை, அறிவுரை வருகிறது. இந்த ஓட்டத்தை எடுத்து எழுதினாலே 'மீட்பு' என்ற தலைப்பு எவ்வளவு பலவீனமானது என்பது தெரிந்துவிடும். மீண்டவன் ஏன் ஊர் ஊராகத் திரிகிறான்?

கேள்வி: "நான் சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கவிதையில் வரும் கப்பல் போன பாதை எது? கடல் விவரங்கள் எந்த அளவு சரி?" (வாசகர், தூத்துக்குடி)

பாதையைச் சூரியனை வைத்தே சொல்கிறார். புறப்பட்டபோது சூரியன் இடப்பக்கம் கடலிலிருந்து எழுகிறது. அப்படியானால் கப்பல் தெற்கே போகிறது. நண்பகலில் பாய்மரத்துக்கு நேர் மேலே வருகிறது, பூமத்திய ரேகை. பிறகு புயல் விரட்ட, மரகதப் பச்சையில் பாய்மர உயரப் பனிக்கட்டிகள். அதன்பின் சூரியன் வலப்பக்கம் எழுகிறது, கப்பல் தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றி வடக்கே திரும்பிவிட்டது. அந்த மௌனக் கடலுக்குள் முதலில் புகுந்தவர்கள் நாங்களே என்கிறான். மெகல்லன் பசிபிக்கில் நுழைந்தது 1520 நவம்பரில். ஆகக் கதை அதற்கும் முந்திய காலத்தில் நடப்பதாகக் கொள்ள வேண்டும். கையில் துப்பாக்கிக்குப் பதில் குறுக்குவில் இருப்பதும், கன்னி மரியாளை அழைப்பதும், துறவியிடம் பாவமன்னிப்புக் கேட்பதும் அந்தக் காலத்தோடு பொருந்துகின்றன.

காற்றும் சரிதான். தென் அமெரிக்காவின் மேற்கே தென்கிழக்குத் தடக்காற்று கப்பலை வடமேற்காகத் தள்ளிக்கொண்டு வரும். இரு அரைக்கோளத் தடக்காற்றுகளும் சந்திக்கும் பட்டையில் காற்று மேலெழும்பிவிடுவதால் பாய் சுருங்கித் தொங்கும். கிழக்குப் பசிபிக்கில் அந்தப் பட்டை பெரும்பாலும் ரேகைக்குச் சற்று வடக்கே, 5 முதல் 10 டிகிரிக்குள் கிடக்கும். பக்கவாட்டுக் குறிப்பு கப்பலை ரேகையிலேயே நிறுத்துகிறது, சிறு பிசகு. ஆனால் நண்பகல் சூரியன் பாய்மர உச்சியில் நிற்பது தவறாகாது. ஏப்ரல் முதல் பாதியிலோ ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்திலோ அந்த அட்சரேகைகளில் அப்படித்தான் இருக்கும். சூரிய விளிம்பு மூழ்கியதும் ஒரே எட்டில் இருள் வந்துவிடுகிறது என்ற வரியும் வெப்பக் கடலுக்கே உரியது. அங்கே சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் அந்தியொளி இருபது சொச்ச நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இரவில் நீர் பச்சையும் நீலமும் வெள்ளையுமாக எரிவது கடலில் ஒளிரும் நுண்ணுயிர்களால்.

சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு துளி இல்லை என்ற புகழ்பெற்ற வரிக்கு உடலியல் விளக்கம் உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. மனிதச் சிறுநீரகம் உப்பைச் சுமார் 2 சதவீதச் செறிவு வரைதான் வெளியேற்றும். ஒரு லிட்டர் குடித்தால் அந்த உப்பைக் கழிக்க ஒன்றரை லிட்டருக்கு மேல் நீர் தேவை, மிச்சத்தை உடலே தர வேண்டும். குடிக்கக் குடிக்க வறட்சி கூடும். ஆல்பட்ராஸுக்கோ கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பிகள் உண்டு. சுமார் 5 சதவீதச் செறிவுள்ள உப்புநீரை அலகு வழியே சொட்டவிட்டுவிட்டு அது கடல்நீரைக் குடித்து வாழும். இந்த உடலியல் கோல்ரிட்ஜ் காலத்தில் தெரியாது. ஆனாலும் அவர்களைக் கொன்ற அதே நீரில் உயிர் வாழத் தெரிந்த பிராணியைத்தான் அவன் கொன்றான் என்ற எண்ணம் இதைப் படித்தபின் நம்மை விடுவதில்லை.

தவறான இடம் ஒன்று: பிறைநிலவின் கீழ்முனைக்கு உள்ளே ஒரு விண்மீன். அங்கே இருப்பது நிலவின் இருண்ட பகுதி, அதை ஊடுருவி விண்மீன் தெரியாது. சாவுகள் தொடங்கும் நேரம் என்பதால் தீக்குறியாக வைத்திருக்கிறார்.

இதை எழுதியபோது அவர் ஆழ்கடல் பயணமே போனதில்லை. ஜெர்மனிக்குப் புறப்பட்டதே 1798 செப்டம்பரில்தான். ஆனால் பயண நூல்களை விழுந்து விழுந்து படித்தவர். கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் வானியலாளராகச் சென்று தென் துருவப் பனியைக் கண்ட வில்லியம் வேல்ஸ், கோல்ரிட்ஜ் படித்த கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பள்ளியில் கணிதம் கற்பித்தவர்.

கேள்வி: "பறவையை ஏன் கொன்றான்? உண்மைச் சம்பவம் ஏதும் உண்டா?" (வாசகர், சேலம்)

உண்டு. ஜார்ஜ் ஷெல்வாக் என்ற கப்பல் தலைவர் 1726-இல் வெளியிட்ட உலகப் பயண நூலில் இருக்கிறது. 1719-இல் தென் அமெரிக்காவின் முனையருகே ஓயாத புயல். வேறு உயிரே கண்ணில் படாத கடலில் கறுப்பு ஆல்பட்ராஸ் ஒன்று மட்டும் பல நாள் கப்பலைச் சுற்றி வந்தது. மனச்சோர்வில் இருந்த துணைத் தலைவர் சைமன் ஹாட்லி, கறுப்பு நிறத்தைத் தீச்சகுனமாக எண்ணி, நல்ல காற்று வரும் என்ற நம்பிக்கையில் சுட்டுக் கொன்றார். புயல் ஓயவில்லை. 1797 நவம்பரில் சாமர்செட்டின் குவான்டாக் மலைப் பக்கம் நடந்து செல்லும்போது, அந்த நூலைப் படித்திருந்த நண்பரும் கவிஞருமான வேர்ட்ஸ்வொர்த் கோல்ரிட்ஜிடம் இதைச் சொல்லி, அந்தப் பிரதேசத்தைக் காக்கும் ஆவிகள் பழிவாங்குவதாக வைக்கலாம் என்று யோசனை தந்தார். நடைப்பயணச் செலவுக்கு ஒரு பத்திரிகையிடம் ஐந்து பவுன் வாங்கலாம் என்பதே முதல் திட்டம்.

கோல்ரிட்ஜ் செய்த மாற்றத்தில்தான் அவருடைய மேதைமை. ஹாட்லியிடம் காரணம் இருந்தது, மூடநம்பிக்கையே ஆனாலும் காரணம். கவிதையில் பறவையின் நிறம் எங்கும் சொல்லப்படவில்லை. பசியில்லை, பயமில்லை, கோபமில்லை. 'என் குறுக்குவில்லால் ஆல்பட்ராஸை எய்தேன்' என்பதோடு வாக்குமூலம் முடிந்துவிடுகிறது. அதுவும் கல்யாண விருந்தாளி அவன் முகத்தைப் பார்த்துப் பதறி, ஏன் இப்படிப் பார்க்கிறாய் என்று கேட்ட பிறகுதான் வாயிலிருந்து வருகிறது. காரணம் இருந்தால் சமாதானம் சொல்லலாம், தண்டனையைக் குறைக்கச் சொல்லலாம். அந்த வாசலைக் கவிஞர் அடைத்துவிட்டார்.

1800-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்சுருக்கத்தில் இதை விருந்தோம்பல் நெறியை இகழ்ந்து செய்த கொடுமை என்றே எழுதினார். பறவை உணவு உண்ண வந்தது, விளையாட வந்தது, ஒன்பது மாலைகள் பாய்மரத்தில் தங்கியது. கூப்பிட்டால் வந்தது. வந்த விருந்தைக் கொன்றவன், இன்னொரு விருந்துக்குப் போகிறவனை வாசலில் நிறுத்திக் கதை சொல்கிறான்.

ஆல்பட்ராஸைக் கொன்றால் கப்பலுக்குக் கேடு என்பது பழைய மாலுமி நம்பிக்கை என்று பலர் எழுதுகிறார்கள். கப்பலோட்டிகள் அவற்றைப் பிடித்துத் தின்றார்கள், பாதத் தோலில் புகையிலைப் பை செய்தார்கள். அந்த நம்பிக்கை பரவியதில் இந்தக் கவிதைக்கே பெரும்பங்கு.

கேள்வி: "ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்ற சிலப்பதிகாரக் கருத்தோடு இதை ஒப்பிடலாமா? பாம்புகளை வாழ்த்தியதும் விமோசனம் கிடைப்பது எப்படி?" (ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்)

ஒப்பிடலாம் ஐயா, ஆனால் விலகும் இடத்தைச் சொல்லியே ஒப்பிட வேண்டும். கோவலனின் சாவுக்கு முற்பிறப்பில் சங்கமன் என்ற வணிகனைக் காட்டிக்கொடுத்த வினை காரணமாகச் சொல்லப்படுகிறது. வினை செய்தவனையே தேடி வருகிறது. இங்கே முற்பிறப்பு இல்லை, வினை செய்தவனை விட்டுப் பக்கத்தில் நின்றவர்களை எடுத்துக்கொள்கிறது. பழிவாங்கும் ஆவியும் அறக்கடவுள் இல்லை. பனிப் பிரதேசத்திலிருந்து ஒன்பது பாகம் ஆழத்தில், அதாவது சுமார் 16 மீட்டர் கீழே, கப்பலைப் பின்தொடர்ந்து வரும் ஆவி அது. தான் நேசித்த பறவைக்காக வருகிறது. அந்தப் பறவையோ தன்னைக் கொன்றவனை நேசித்தது. பழிக்குக் காரணமே இந்த நேசச் சங்கிலிதான்.

விமோசனத்தைப் புரிந்துகொள்ள இரண்டு இடங்களை அருகருகே வையுங்கள். காற்று நின்ற புதிதில் அதே கடலைப் பார்த்து, வழவழப்பான பிராணிகள் காலால் ஊர்கின்றன என்று அருவருக்கிறான். நான்காம் பாகத்தில் நிலவு எழுகிறது. கப்பலின் நிழலுக்கு அப்பால் பாம்புகள் வெண்ணொளித் தடமிட்டு நீந்துகின்றன. நிழலுக்குள் வரும்போது நீலம், மினுங்கும் பச்சை, வெல்வெட் கறுப்பு. நிறத்தைப் பிரித்துப் பார்க்கும் அளவுக்குக் கண் நின்று பார்க்கிறது. பிராணிகள் மாறவில்லை, பார்வை மாறிவிட்டது. வாழ்த்து அவனை அறியாமல் சுரக்கிறது, 'அறியாமல்' என்பதை இரண்டு முறை சொல்கிறான். திட்டமிட்ட பிரார்த்தனை தோற்ற இடத்தில் திட்டமிடாத வாழ்த்து பலிக்கிறது. கொன்றதற்கும் காரணம் சொல்லவில்லை, வாழ்த்தியதற்கும் சொல்லவில்லை. இந்தச் சமச்சீர்தான் கவிதையின் நடுநரம்பு.

ஆனால் பறவைக்காக வருந்துகிறேன் என்று அவன் அந்த இடத்தில் சொல்லவே இல்லை. அதனால்தான் பாரம் கழுத்திலிருந்து இறங்குகிறது, உள்ளிருந்து இறங்கவில்லை.

கேள்வி: "அடிமை வணிகம் பற்றிய கவிதை என்றும் சொல்கிறார்களே?" (ஆய்வு மாணவர், சென்னை)

கோல்ரிட்ஜ் 1792-இல் கேம்பிரிட்ஜில் அடிமை வணிகத்தைக் கண்டித்து எழுதிய கிரேக்கக் கவிதைக்குப் பதக்கம் பெற்றார். 1795-இல், அந்த வணிகத்தால் கொழித்த பிரிஸ்டல் நகரிலேயே அதை எதிர்த்துச் சொற்பொழிவாற்றினார். பேய்க்கப்பலின் விலா எலும்புகளுக்குப் பின்னே சூரியன் சிறைக் கம்பிக்குள் இருந்து எட்டிப் பார்ப்பதாக வரும் இடம் இந்த வாசிப்புக்கு நல்ல ஆதாரம். ஆனால் கவிதையில் அடிமைகளும் இல்லை, சரக்கும் இல்லை. கவிஞரின் மனத்தில் கப்பலும் கூட்டுக்குற்றமும் ஏற்கெனவே இணைந்திருந்தன என்பதுவரை துணிந்து எழுதலாம். அதற்கு மேல் உருவகமாக ஒவ்வொன்றையும் பொருத்தப் போனால் வரிகள் இடம் கொடுக்காது.

கேள்வி: "பெரிது சிறிது என்று பாராமல் எல்லா உயிரையும் நேசிப்பவனே நன்றாகப் பிரார்த்திக்கிறான் என்ற கடைசி நீதி பிள்ளைகளுக்குப் போதுமா?" (தாய், கோவை)

பிள்ளைகளுக்கு அது நல்ல வாசல், தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். பெரியவர்கள் அங்கேயே நின்றுவிடக் கூடாது. கவிதையில் நீதி இல்லை என்று அக்காலக் கவிஞர் பார்போல்ட் அம்மையார் குறை சொன்னபோது, நீதி கூடிப்போய்விட்டது என்பதே தன் குறை என்று கோல்ரிட்ஜ் பதில் சொன்னார். அவர் காட்டிய உதாரணம் அரபுக் கதை: வணிகன் ஒருவன் கிணற்றோரம் அமர்ந்து பேரீச்சம்பழம் தின்று கொட்டையை எறிகிறான். பூதம் எழுந்து, அது தன் மகனின் கண்ணைக் குருடாக்கிவிட்டது, உன்னைக் கொல்வேன் என்கிறது. நம் கை எறிந்தது எங்கே படும் என்று தெரியாத உலகம் அது. மேலும், நேசத்தைப் போதிக்கும் மாலுமியைப் பார்த்து, அவனை மீட்க வந்த படகோட்டிப் பையனுக்குப் புத்தி பேதலிக்கிறது. கதை கேட்டவன் கல்யாண வீட்டுக்குள் போகாமல் திரும்புகிறான்.

கேள்வி: "வகுப்பில் நடத்த எந்தப் பதிப்பு? எப்படித் தொடங்குவது?" (கல்லூரி விரிவுரையாளர், திருநெல்வேலி)

பக்கவாட்டுக் குறிப்புகளுடன் கூடிய 1817-க்குப் பிந்தைய வடிவம், 625 வரி. 1798 வடிவம் சற்று நீளம், பழங்கால எழுத்துக்கூட்டலில் இருக்கும், குறிப்புகள் இருக்காது. ஒப்பிட ஓரிரு பத்தி போதும். மாலுமிகள் பறவைக்கு ரொட்டிப் புழுக்களைக் கொடுத்ததாக அதில் இருந்தது, பின்னர் அது இதுவரை உண்டிராத உணவை உண்டது என்று மாற்றினார். 1800-இல் வேர்ட்ஸ்வொர்த் எழுதிய குறிப்பையும் காட்டுங்கள். நாயகன் தானாக எதையும் செய்யவில்லை, அவன்மீதுதான் எல்லாம் நிகழ்கிறது; நிகழ்ச்சிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை என்பவை அவர் சொன்ன குறைகள். குற்றவுணர்வில் இருப்பவனுக்கு உலகம் அப்படித்தானே தெரியும் என்று மாணவர்களிடம் கேளுங்கள், விவாதம் தானே எழும்.

முதல் வாசிப்பு உரத்து, விளக்கம் இல்லாமல், குறிப்புகளை மூடிவைத்து. அரை மணி நேரம் பிடிக்கும். நான்கு, மூன்று, நான்கு, மூன்று என்ற அழுத்தக் கணக்கும் இரண்டாம், நான்காம் அடி இயைபும் காதில் விழ வேண்டும். நான்கு வரிப் பத்திகள் ஐந்தாகவும் ஆறாகவும் வீங்கும் இடங்களை இரண்டாம் வாசிப்பில் குறிக்கச் சொல்லுங்கள். பயமோ வியப்போ மிகும் இடங்கள் பல அப்படி நீளும். மூன்றாவதாகக் குறிப்புகளைத் திறந்து, கவிதை சொல்லாத எதை அவை சொல்கின்றன என்று பட்டியலிடட்டும். பெரும்பாலான வகுப்புகள் சறுக்குவது இங்கேதான். குறிப்பையே கவிதையாக எடுத்துக்கொண்டு, பங்காளிகள் ஆனதால் செத்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

சூரியனில் தண்டனை, நிலவில் அருள் என்ற பிரபலமான விமர்சனப் பாகுபாட்டையும் வரிக்கு வரி சோதிக்கக் கொடுங்கள். பாம்புகளை வாழ்த்துவது நிலவொளியில், அது பொருந்தும். மாலுமிகள் ஒவ்வொருவராகச் சாவதும் நிலவொளியில்தான், அது பொருந்தாது.